வரிமுடிவு யாருடைய பொறுப்பு?

நீண்ட பதிவு. கணினியின் துணைகொண்டு தமிழ்ப் பனுவல்களை ஆராயும் மாணவர்களையும் அவர்தம் நெறியாளர்களையும் மனத்திற்கொண்டு எழுதுகிறேன். பொருள் சிறிது; கண்ணுக்கும் தெரியாதது. ஓர் உரைக்கோப்பினுள் ஒரு வரி எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்கு உணர்த்தும் குறிதான் அது. விண்டோஸில் எழுதிய கோப்பினை லினக்ஸில் திறந்தாலும், லினக்ஸில் எழுதியதனை விண்டோஸுக்குக் கொண்டுசென்றாலும் இக்குறி மாறுபடுவதால் விளையும் தொல்லைகளை நம்மவர் 'டெக்னிக்கல் பிரச்சினை' என்று ஒதுக்கி, கணினி தெரிந்த தம்பி ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு ஒப்படைக்கத்தக்க பொருளன்று இது, பதிப்பாசிரியனின் கடமையைச் சேர்ந்தது என்பதே என் கருத்து.

நான் இருக்கும் பள்ளுருத்தியில் இச்சிக்கல் நாள்தோறும் எதிர்ப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. கேரளத்துப் பள்ளிகள் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தின் வழியாகப் பல்லாண்டுகளுக்கு முன்பே லினக்ஸுக்கு மாறிவிட்டன. இங்கே படித்து வளர்ந்த மாணவருக்கு லினக்ஸ்தான் தாய்வீடு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் தமிழ்த்துறைகளிலும் தட்டச்சகங்களிலும் காண்பதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியின் வெளி முதலிய பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ் பேசிவரும் குடும்பங்களின் வழக்குச்சொற்களை மலையாள விளக்கத்துடன் நான் தொகுத்துவருகிறேன். அப்பட்டியல் கோவைக்கோ சென்னைக்கோ போய் ஒருமுறை திருத்தம் பெற்றுத் திரும்பும்போதெல்லாம் வரிமுடிவுகள் மாறியே வருகின்றன. ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றியிருப்பதில்லை. ஆயினும் ஒப்பீட்டு மென்பொருள் எல்லா வரிகளும் மாறிவிட்டன என்று சிவப்பும் பச்சையுமாகக் காட்டுகிறது.

இவ்வேறுபாடு எப்படி நேர்ந்தது? தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வரி முடிந்ததும் இடக்கைப் பக்கத்து நெம்புகோலைத் தள்ளுவோம். அந்த ஒரே தள்ளலில் இரண்டு காரியங்கள் நடக்கும்: காகிதம் ஒரு வரி மேலேறும், வண்டி தொடக்கத்துக்குத் திரும்பும். தொலைதட்டச்சுப் பொறிகளில் இவ்விரண்டும் தனித்தனி ஆணைகளாக இருந்தன. வண்டி திரும்பலுக்கு 'கேரேஜ் ரிட்டர்ன்' என்று பெயர், அதன் எண் 13. வரி ஏற்றத்துக்கு 'லைன் ஃபீடு' என்று பெயர், அதன் எண் 10. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் 'மாடல் 33' போன்ற பொறியில் அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. ஆகவே முதலில் 13ஐ அனுப்பி, அது திரும்பிக்கொண்டிருக்கையிலேயே 10ஐயும் அனுப்புவர். பொறியின் தாமதத்துக்காக ஏற்பட்ட வரிசை இது.

பின்னர் வந்த மல்ட்டிக்ஸும் அதன் வழிவந்த யூனிக்ஸும் கோப்பினுள் 10 ஒன்றே போதும் என்று முடிவுசெய்தன. சிபி/எம் இயங்குதளமும், 1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸும், அதன் வாரிசான விண்டோஸும் 13, 10 என்ற இரட்டையை விடாது வைத்துக்கொண்டன. 1984இல் வந்த மேக்கின்டாஷோ 13ஐ மட்டும் கொண்டது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோதுதான் யூனிக்ஸ் வழிக்குத் திரும்பியது. நம்மிடையே இன்று வண்டியும் இல்லை, நெம்புகோலும் இல்லை. ஆனாலும் நம் திருக்குறள் கோப்பின் ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் அந்த வண்டி திரும்பிக்கொண்டே இருக்கிறது.

இதனால் ஆய்வுக்கு என்ன கேடு என்பதைத் திருக்குறளைக் கொண்டே காட்டலாம். 1330 குறள், 2660 அடி. விண்டோஸில் சேமித்த இக்கோப்பினை, 10ஐ மட்டும் வரிமுடிவாகவும் இடைவெளியை மட்டும் சொல்லெல்லையாகவும் கொள்ளும் நிரல் ஒன்றிடம் கொடுத்தால், 2660 அடிகளின் ஈற்றுச்சொற்களும் கண்ணுக்குத் தெரியாத 13 ஒன்றினை ஒட்டிக்கொண்டு நிற்கும். அடியின் நடுவில் வரும் 'உலகு' வேறு, அடியின் ஈற்றில் வரும் 'உலகு' வேறு என்று சொல்லடைவு பிரித்துவிடும். அதைவிட மோசமானது யாப்பாய்வு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் அமையவேண்டும் என்பது இலக்கணம். காசும் பிறப்பும் உகரத்தில் முடிவன. 'உகரக் குறியில் முடியும் ஈற்றுச்சீர்கள் எத்தனை?' என்று அந்நிரலைக் கேட்டால் ஒன்றுமில்லை என்று விடை வரும்; ஏனெனில் அதன் கணக்கில் எல்லாச் சீர்களும் 13இல்தான் முடிகின்றன.

அந்தாதியை எடுத்துக்கொள்வோம். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதித் தொடையால் கோக்கப்பட்டவை. நமக்கு அருகிலுள்ள திருக்காட்கரையைப் பாடிய பதிகமும் அதில்தான் இருக்கிறது. ஒரு பாசுரத்தின் ஈற்றினை அடுத்த பாசுரத்தின் முதலோடு ஒப்பிடும் நிரல், ஈற்றில் ஒட்டிய 13ஐ நீக்காவிடில், எங்குமே அந்தாதி இல்லை என்று சொல்லும். தமிழ்ச் செய்யுளில் வரியின் ஈறு வெறும் இடமன்று; இயைபும் அந்தாதியும் வெண்பாவின் முடிவும் அங்கேதான் நிகழ்கின்றன. பழுது வந்து அமரும் இடமும் அதுவே.

திருக்குறளிலோ திருவாய்மொழியிலோ இத்தகைய விடை வந்தால் எவரும் நம்பமாட்டார், உடனே பிழை தேடுவார். அஞ்சவேண்டியது வேறிடத்தில். இதுவரை எவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு சிற்றிலக்கியத் தொகுதியிலோ நாட்டார் பாடல் தொகுப்பிலோ இதே நிரலை ஓட்டினால், வந்த எண்ணைச் சரிபார்க்க நம்மிடம் மரபறிவு இல்லை. அவ்வெண் அட்டவணையாகி, அட்டவணை இயலாகி, இயல் ஆய்வேடாகிவிடும்.

எதிர்த்திசையிலும் தீங்குண்டு. விண்டோஸின் நோட்பேடு, 10 மட்டுமுள்ள கோப்புகளைச் சரியாகக் காட்டக் கற்றுக்கொண்டது 2018ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு லினக்ஸில் சேமித்த புறநானூற்றை நோட்பேடில் திறந்தால் நானூறும் ஒரே ஓட்டமாகத் தெரியும். ஓலைச்சுவடியைப் பார்த்தவர்கள் அக்காட்சியை அடையாளம் கண்டுகொள்வர். அங்கும் அடிகள் பிரிக்கப்படாமல் ஓலையின் அகலம் உள்ளவரை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். இந்நிலையில் நல்லெண்ணம் கொண்ட ஒருவர் என்ன செய்வார்? பொருள் நோக்கி, தமக்குச் சரியெனப்பட்ட இடங்களிலெல்லாம் என்டர் விசையைத் தட்டி அடிகளைப் 'பழையபடி' பிரித்துவைப்பார். தாம் செய்தது கோப்புத் திருத்தம் என்றே அவர் கருதுவார். உண்மையில் அவர் செய்திருப்பது புதிய பதிப்பு.

1894இல் புறநானூற்றை வெளியிட்ட உ.வே.சாமிநாதையரும், 1887இல் கலித்தொகையை வெளியிட்ட சி.வை.தாமோதரம் பிள்ளையும் சுவடியின் இடையறாத எழுத்தோட்டத்திலிருந்து அடிகளைப் பிரித்தெடுத்தது யாப்பறிவும் பல சுவடிகளின் ஒப்பீடும் கொண்டு செய்த தீர்ப்பு. சிதைந்த இடங்களைச் சிதைந்தவையாகவே காட்டினார்கள். அத்தீர்ப்பினை இன்று நாம் 10 என்ற ஓர் எண்ணின் காவலில் விட்டுவைத்திருக்கிறோம். அது போனால் தீர்ப்பும் போயிற்று.

வெற்று வரிகளின் கதையும் இத்தகையதே. ஏற்கெனவே 13, 10 உள்ள வரிமுடிவுக்கு விண்டோஸ் நிரல் ஒன்று மீண்டும் ஒரு 13ஐச் சேர்த்துவிட்டால் 13, 13, 10 என்றாகும். சில மென்பொருள்கள் இதனை ஒவ்வோர் அடிக்கும் பின் ஒரு வெற்று வரியாகக் காட்டும். எரிச்சலுற்ற பயனர் 'வெற்று வரிகளையெல்லாம் நீக்கு' என்று ஆணையிடுவார். போலி வெற்று வரிகளோடு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே இருந்த உண்மையான வெற்று வரிகளும் ஒழிந்துபோகும். அதன்பின் பாட்டெல்லையை எங்கே தேடுவது?

சிக்கலின் வேர், நால்வேறு பொருள்களுக்கு நாம் ஒரே குறியைப் பயன்படுத்துவதில் இருக்கிறது. செய்யுளின் அடி ஒன்று. ஓலையிலோ கல்வெட்டிலோ உள்ள வரி மற்றொன்று. அச்சு நூலின் வரி மூன்றாவது. மின்னஞ்சலிலும் திரையிலும் அகலம் கருதி மடிக்கப்படும் வரி நான்காவது. இவற்றுள் முதலாவது யாப்பைச் சார்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பொருட்சான்றுகள். நான்காவது வெறும் விபத்து.

இங்கே கொச்சியின் நினைவு வருவது இயல்பு. அன்றிரீக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த ஆண்டே, 1579இல், 'கிரிசித்தியானி வணக்கம்' இதே கொச்சியில் அச்சேறியது. அவ்வகைத் தொன்மையான அச்சுநூல் ஒன்றினை உள்ளது உள்ளவாறு படியெடுப்பவர்க்கு, எழுத்துக்கோப்பவர் வரியை எங்கே முடித்தார் என்பதே சான்று. அதே உரைநடையைச் சொல்லடைவுக்காகத் தட்டச்சு செய்பவர்க்கு அவ்வரிமுடிவு இடையூறு. சொல்லின் நடுவே விழுந்திருந்தால் சொல்லையே இரண்டாக்கிவிடும். இரண்டுபேரும் தட்டும் விசை ஒன்றே. கோப்பினைப் பின்னர் பெறுபவர் எது எதுவென எப்படி அறிவார்? யூனிகோடு 'வரிப்பிரிப்பான்', 'பத்திப்பிரிப்பான்' என இரண்டு தனிக்குறிகளை வகுத்துத்தான் வைத்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துவோரை நான் பார்த்ததே அரிது.

இனி, குறியாக்கம் இதனோடு கலக்கும்போது நேர்வதைச் சொல்கிறேன். இதனை அறியாமல் பழைய கோப்புகளைத் தொடவேண்டாம் என்று மாணவர்களை வேண்டிக்கொள்வேன்.

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில் முனைவர் கு.கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்க, பல நாடுகளின் தன்னார்வலர்கள் பல்வகைக் கணினிகளில் தட்டச்சு செய்து நமக்கு ஒரு நூலகத்தையே தந்தார்கள். அக்காலத்துக் கோப்புகள் பல இணைமதி, மயிலை போன்ற எழுத்துருக்களையும் பின்னர் திஸ்கி குறியாக்கத்தையும் சார்ந்தவை. திஸ்கியில் 133ஆம் இடம் 'ஸ' என்னும் கிரந்த எழுத்துக்குரியது. ஆனால் அதே 133, லத்தீன்-1 வழியாக யூனிகோடில் 'அடுத்த வரி' என்னும் கட்டுப்பாட்டுக் குறியாகப் படிக்கப்படும். திஸ்கி கோப்பினை லத்தீன்-1 என எண்ணித் திறந்து, பைத்தான் மொழியின் 'ஸ்பிளிட்லைன்ஸ்' கொண்டு வரிவரியாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு 'ஸ'வும் வரிமுடிவாகி மறையும். 'ரஸம்' என்பது ஒரு வரியில் 'ர', அடுத்த வரியில் 'ம்' என்று நிற்கும். சங்க இலக்கியத்தில் 'ஸ' இல்லை. ஆகவே அங்கே சோதித்துப் பார்ப்பவர் நிரல் பழுதற்றது என்று நிறைவடைவார். வைணவ மணிப்பிரவாள உரைகளுக்கு வரும்போது உரையே சல்லடையாகிவிடும்.

மற்றொன்று கேரளத்திலிருந்து எழுதும் எனக்கு மிக நெருக்கமானது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நோட்பேடில் தமிழையோ மலையாளத்தையோ சேமிக்க முயன்றால், பட்டியலில் 'யூனிகோடு' என்ற பெயரில் இருந்தது உண்மையில் யூடிஎஃப்-16. ஒருங்குறி என்ற சொல்லை நம்பி நம்மில் பலர் அதையே தேர்ந்தெடுத்தோம். அம்முறையில் இந்திய எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட்டுகள். அவற்றுள் மேல் பைட்டு அந்தந்த எழுத்துமுறையின் தொகுதியைக் காட்டும். தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் அது 9. குர்முகிக்கும் குஜராத்திக்கும் 10. ஒடியாவுக்கும் தமிழுக்கும் 11. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 12. மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் 13. அதாவது மலையாளத்தின் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு 'வண்டி திரும்பல்' மறைந்திருக்கிறது. பஞ்சாபியின் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு 'வரி ஏற்றம்' இருக்கிறது.

லினக்ஸ் கையேடுகளில் எளிய மருந்தாகச் சொல்லப்படும் 'டிஆர்' ஆணையால் 13 என்ற பைட்டையெல்லாம் அழித்துப் பாருங்கள். தமிழும் மலையாளமும் கலந்த ஒரு சொற்பட்டியலில் மலையாள எழுத்துகள் எல்லாம் தம் பாதியை இழந்து, எஞ்சிய பாதிகள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்ளும். மலையாளக் ககரத்தின் பாதியும் ஆகாரக் குறியின் பாதியும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு சீன எழுத்து! (கொச்சிக் கடலோரத்தில் சீனவலைகள் நிற்பது பழகிய காட்சி, சொற்பட்டியலில் சீனம் நிற்பது புதிது.) அதோடு நிற்பதில்லை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பைட்டுகள் கழிந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் தமிழும் ஒரு பைட்டு இடம்பெயர்ந்து அதே கதியடையும். திருத்தம் என்று தொடங்கியது அழிவில் முடிகிறது. மூலக்கோப்பு தனியே இல்லையெனில் மீட்பும் அரிது.

எனவே வரிசை முக்கியம். முதலில் குறியாக்கம் எதுவென அறிதல்; லினக்ஸில் 'ஃபைல்' ஆணை ஓரளவு சொல்லும், விண்டோஸில் நோட்பேடு++ கீழ்ப்பட்டையில் காட்டும். திஸ்கி போன்ற எட்டு-பிட்டுக் குறியாக்கத்தைக் கருவிகள் தவறாக ஊகிக்கக்கூடும். அங்கே கோப்பின் வரலாற்றை விசாரித்துத்தான் அறியவேண்டும். அடுத்து யூடிஎஃப்-8க்கு மாற்றுதல். 'ஐகான்வ்' திஸ்கியையும் அறியும். யூடிஎஃப்-8இல் தமிழ், மலையாள எழுத்துகளின் பைட்டு ஒவ்வொன்றும் 127க்கு மேற்பட்டதாகவே இருப்பதால் 10, 13 ஆகியவற்றோடு குழப்பம் நேராது. அதன்பிறகே வரிமுடிவை மாற்றவேண்டும். அதற்கு 'டாஸ்டூயூனிக்ஸ்' என்ற சிறுநிரலே போதுமானது. வந்த கோப்பினைத் தொடாமல் ஒரு படி வைத்துக்கொள்வதும், அதன் ஹாஷ் எண்ணைக் குறித்துவைப்பதும் ஆவணக் காப்பகத்தின் முதற்பாடம். ஓர் எழுத்தும் மாறாவிடினும் வரிமுடிவு மாறினால் அவ்வெண் மாறிவிடும் என்பதால், மாற்றத்துக்கு முன்னே குறிக்கவேண்டும். 'கிட்' பயன்படுத்தும் குழுக்கள், ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் தனி அமைப்பு வைத்துக்கொள்வதை விடுத்து, களஞ்சியத்துக்குள்ளேயே 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் விதியை எழுதிவைத்தால் பாதிச் சண்டை தீரும்.

ஆயினும் இவையெல்லாம் குழாய் வேலைதான். என் வாதம் இதற்கு மேலே செல்கிறது. அடியை அடியென்றும், சுவடி வரியைச் சுவடி வரியென்றும் வெளிப்படையான குறியீட்டால் எழுதிவைக்கவேண்டும். 1987 முதல் வளர்ந்துவரும் டிஇஐ நெறிமுறையில் செய்யுளடிக்கு ஒரு குறியும், மூலத்தின் வரிமுறிவுக்கு வேறொரு குறியும் தனித்தனியே உண்டு. அவ்வாறு எழுதிய கோப்பினை எந்த இயங்குதளம் எப்படி உடைத்தாலும் அடி அடியாகவே நிற்கும். அத்துணைப் பெரிய ஏற்பாடு வேண்டாமெனின், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பாட்டெண்ணும் அடியெண்ணும் இட்டுவைத்தாலே போதும். சிதைந்தாலும் மீட்கலாம்.

'இக்காலத்து மென்பொருள்கள் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்கின்றன, இவ்வளவு கவலை எதற்கு?' என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். உண்மைதான், தொகுப்பிகள் மூன்றுவகை வரிமுடிவையும் ஒன்றுபோலவே காட்டுகின்றன. ஆனால் காட்டுவது வேறு, எண்ணுவது வேறு. திரை மறைத்துவிடுவதனாலேயே பிழை கண்ணில் படாமல் எண்ணிக்கைக்குள் புகுகிறது. முன்பாவது எல்லாம் ஒரே வரியாகத் தெரிந்து நம்மை எச்சரித்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முனைவர் பட்ட மாணவர் அனைவருக்கும் ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த இரண்டு மதிப்பலகுப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் பற்றி அதில் சொல்லித்தருகிறோம். தாம் எண்ணும் எழுத்து எந்தக் கோப்பிலிருந்து வந்தது, யார் அதன் அடிகளைப் பிரித்தார், இடையில் எத்தனை கணினிகளைக் கடந்தது என்று ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் அரைப்பக்கம் எழுதவேண்டும் என்று எந்தத் துறையேனும் கேட்கிறதா? சுவடியாயின் கேட்போம்: எங்கே கிடைத்தது, யார் எழுதியது, எத்தனை ஓலை, பக்கத்துக்கு எத்தனை வரி. மின்கோப்புக்கு இக்கேள்விகள் ஒன்றுகூட எழுவதில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இவற்றுள் ஒன்றைக் கேட்டாலே அடுத்த ஆண்டு மாணவர்கள் விடையோடு வருவார்கள்.

பள்ளுருத்தி, மட்டாஞ்சேரிச் சொற்பட்டியலின் முதல் பகுதியை இம்முறையில் ஒழுங்குசெய்து வைத்திருக்கிறேன்: யூடிஎஃப்-8, வரிமுடிவு 10 மட்டும், ஒவ்வொரு பதிவுக்கும் எண், வந்தபடியே உள்ள மூலக்கோப்புகள் தனி உறையில், எவ்வெவற்றை எப்போது மாற்றினேன் என்ற குறிப்பு ஒரு பக்கம். விண்டோஸில் திறப்போர் திருத்தியபின் வரிமுடிவை மாற்றாமல் அனுப்பினால் நன்றியுடையேன். மாறிவந்தாலும் வாங்கிக்கொள்வேன், மாறியது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வேண்டுவோர் உள்பெட்டியில் எழுதுக.